பம்பை மாற்றும் முன் ஜாக்கியைப் போடுங்கள்: பழைய பிக்கப்பில் இறுகும் பவர் ஸ்டீயரிங்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வாங்கிய டீசல் பிக்கப், ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு சமவெளியிலும் மலைப்பாதையிலும் ஓடுகிறது. முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் கிங் பின்னும் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி) உள்ள முழு அச்சு, பெல்ட்டில் சுற்றும் பம்பு, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டீயரிங் பாக்ஸ். இரண்டு மாதங்களாக, நின்ற இடத்தில் திருப்பினாலும் கொண்டை ஊசி வளைவில் திருப்பினாலும் ஸ்டீயரிங் இறுக்கமாக இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. பட்டறையில் பம்பு போய்விட்டது, பாக்ஸையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் மாற்றாதீர்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை, கையால்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. அதற்குச் சில வாரங்கள் முன்னால், ப்ளே (சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் வெற்று ஆட்டம்) அதிகமாக இருக்கிறதென்று பாக்ஸின் மேலுள்ள ஸ்க்ரூவை இறுக்கி வைத்தார்கள் என்பது இன்னொன்று. பம்பு தேய்ந்துபோனால் திருப்புவதற்குக் கையில் பலம் அதிகம் வேண்டும், அது உண்மை. ஆனால் ஓடும் வண்டியில் திருப்பிய சக்கரத்தை நேருக்குக் கொண்டுவருவது பம்பு அன்று. கிங் பின் பின்சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும் காஸ்டர் கோணமும் அதன் உட்சாய்வும் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன. சக்கரம் திரும்பி வர மறுக்கிறது என்றால், பெரும்பாலும் எங்கோ ஓர் இடத்தில் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதுப் பம்பு போட்டாலும் அந்தப் பிடிப்பு அங்கேயேதான் இருக்கும்.

இதைச் சோதிக்கும் முறைக்குப் போவதற்கு முன், இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர், கனமான வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை நேரில் பார்த்தவர், 1926-இல் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டீயரிங்கை ஓடும் வண்டியில் பொருத்திக் காட்டினார். அது விற்பனைக் காருக்கு வந்து சேர 1951 ஆகிவிட்டது. கிரைஸ்லரின் இம்பீரியல் கார்தான் முதலாவது. டேவிஸின் முக்கியமான யோசனை வால்வைப் பற்றியது. வால்வை மூடிவைத்துத் தேவைப்படும்போது திறப்பதற்குப் பதிலாக, எப்போதும் திறந்தே வைத்து ஆயிலைத் தடையில்லாமல் சுற்றவிட்டு, திருப்பும்போது மட்டும் வழியைக் குறுக்கி அழுத்தத்தை உண்டாக்கினார். உங்கள் வண்டியில் இருப்பதும் இதே கொள்கைதான். நேராகப் போகும்போது பம்பிலிருந்து வரும் ஆயில் பாக்ஸுக்குள் நுழைந்து அப்படியே ரிட்டன் ஹோஸ் வழியாக ஆயில் டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது. குழாயில் சில பார் அழுத்தம்தான் இருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பாக்ஸின் தலையில் இருக்கும் மெல்லிய முறுக்குத் தண்டு சில டிகிரி முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்கு வால்வைத் திறந்து மூடி, ஆயிலைப் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்குத் தள்ளுகிறது. நின்ற இடத்தில் கடைசிவரை திருப்பிப் பிடித்தால் அழுத்தம் 70 முதல் 100 பார் வரைகூட ஏறி, அதற்குமேல் போகாதபடி பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பம்புக்கு இடம் வலம் தெரியாது. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எந்தப் பக்கம் உதவ வேண்டும் என்பதைப் பாக்ஸுக்குள் இருக்கும் வால்வுதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் இருந்தால் பம்பைக் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் இரு பக்கமும் இறுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள்; அதனால் இந்தச் சோதனை உங்களுக்குத் தீர்ப்பைத் தரவில்லை.

இனி ஜாக்கிக்கு வருவோம். வண்டியை லோடு இல்லாமல் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் அச்சைத் தூக்கி இரு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. என்ஜினை ஓடவிடாமல், ஸ்டீயரிங் லாக் விழாதபடி சாவியை மட்டும் திருப்பி வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலை நீங்களே தள்ளுவதால் லேசான, கெட்டியான ஓர் எதிர்ப்பு தெரியும், அது இயல்பு. அந்த எதிர்ப்பு முழுச் சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் பிடித்தாலோ, சில இடங்களில் இறுகி இறுகி விட்டாலோ, இரண்டு கையும் போட்டு இழுத்தால்தான் நகர்கிறது என்றாலோ, உங்கள் சிக்கல் ஆயிலில் இல்லை, இரும்பில் இருக்கிறது. மாறாக, தூக்கிய நிலையில் இலகுவாகத் திரும்பிவிட்டு, தரையில் இறக்கி என்ஜினை ஓடவிட்டுத் திருப்பும்போது மட்டும் இறுகினால், அப்போது பெல்ட், ஆயில், பம்பு என்ற பக்கம் போகலாம். செலவே இல்லாத இந்த அரைமணி நேரச் சோதனையைச் செய்யாமல் பம்பை மாற்றச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரும்பில்தான் பிடிப்பு என்று தெரிந்தால், அடுத்ததாக வழியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாக்ஸிலிருந்து வெளியே வரும் டிராப் ஆர்ம் என்ற கையில் மாட்டியிருக்கும், அதன் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் தண்டின் பால் ஜாயிண்டைக் கழற்றிவிடுங்கள். கழற்றுவதற்குப் புல்லர் போடுங்கள். மறையின் தலையில் சுத்தியால் அடித்தால் மறை நசுங்கி அந்த ஜாயிண்டும் செலவில் சேர்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கட்டும், இது ஸ்டீயரிங் என்பதால் இதில் சிக்கனம் வேண்டாம். பிரித்த பிறகு, சக்கரத்தைக் கையால் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் கிங் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடும் எப்படி இருக்கின்றன என்பது தெரியும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பாக்ஸும் அதற்கு மேலுள்ள ஷாஃப்ட்டும் எப்படி இருக்கின்றன என்பது தெரியும். எந்தப் பக்கம் இறுக்கமோ அந்தப் பக்கம் மட்டும் தேடினால் போதும்.

கிங் பின் பக்கம் இறுக்கமாக இருந்தால், பழைய லோடு வண்டிகளில் பெரும்பாலும் காரணம் கிரீஸ் போகாததுதான். நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடித்தேனே என்பீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போது அடித்தால், வண்டியின் எடை முழுவதும் கிங் பின்னுக்குக் கீழே இருக்கும் த்ரஸ்ட் பேரிங்கின் மேல் அழுந்தியிருப்பதால், எடை தாங்கும் அந்த முகத்துக்குள் கிரீஸ் நுழைய இடமே இருக்காது. இளகிய வழியில் புறப்பட்டு வெளியே பிதுங்கிவிடும், அதைப் பார்த்து நாம் உள்ளே நிறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். அச்சைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில், ஒருவர் சக்கரத்தை இரு பக்கமும் ஆட்டிக்கொண்டிருக்க மற்றவர் கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் கறுப்பாக வந்து, பின் பழுப்பாகி, புதுக் கிரீஸின் நிறம் தெரியும்வரை விடாதீர்கள். நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள். இதற்குப் பிறகும் சக்கரம் பிடித்துப் பிடித்துத் திரும்பினால், கிங் பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் துருவேறிவிட்டன என்று பொருள். கிங் பின் செட் மாற்றி, லேத் கடையில் புஷ்ஷின் துளையை ரீமரால் அளவுக்குக் கடைந்துதான் தீர வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும்.

பிடிப்பு மேல்பக்கத்தில் என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஷாஃப்ட்டின் யு.ஜே. கிராஸ், அதாவது சாய்வாகச் சந்திக்கும் இரு தண்டுகளை இணைக்கும் சிலுவை வடிவ மூட்டு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு வண்டியிலும் இதே புகார் வந்து, ஒரு பட்டறையில் புதுப் பம்பு போட்டுக் கொடுத்தார்கள். பணமும் போயிற்று, இறுக்கமும் அப்படியே இருந்தது. பிறகு வேறொரு பெரியவர் போனட்டைத் திறந்து, ஸ்டீயரிங்கை என்னை மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, அந்தக் கிராஸின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அது விரலுக்கடியில் நடுங்கித் தாண்டியது. கழற்றிப் பார்த்தபோது பேரிங் கிண்ணத்துக்குள் ஊசிகளே தெரியவில்லை. மஞ்சள்தூள் போலத் துரு நிறைந்திருந்தது, இரண்டு ஊசிகள் கிராஸின் காலிலேயே பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. பம்பின் விலையோடு ஒப்பிடவே முடியாத சின்ன உருப்படி அது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இறுகி இரண்டு முறை இளகினால் அது கிராஸ்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். சைலன்சரின் வெப்பமும் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரும் அந்த இடத்தில் ஒன்றாகச் சேர்வதால் பழைய பிக்கப்புகளில் அது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

கிராஸ் நன்றாக இருந்தால் பாக்ஸ். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முழுவதும் இங்கேதான், அந்த ஸ்க்ரூவின் மேல்தான். பாக்ஸின் மேல் மூடியில் லாக் நட்டோடு இருக்கும் அந்த ஸ்க்ரூ, டிராப் ஆர்மைச் சுமக்கும் செக்டர் ஷாஃப்ட்டின் பல்லைப் பிஸ்டனின் பல்லோடு நெருக்கமாக வைப்பதற்காக இருக்கிறது. நேராகப் போகும் நிலையில் பல் கொஞ்சம் நெருக்கமாகவும், இரு கோடிகளுக்குப் போகப்போகக் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படிதான் இவ்வகைப் பாக்ஸுகளைச் செய்கிறார்கள், ஏனென்றால் நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் போக நடுவில்தான் நெருக்கம் வேண்டும். அந்த நெருக்கத்தைப் பாக்ஸைத் தனியாக வைத்து, திருப்பத் தேவைப்படும் விசையை அளந்துதான் அமைக்க வேண்டும். வண்டியிலேயே கையளவில் இறுக்கும்போது, ப்ளே போய்விட்டது என்ற நிம்மதியில் ஒரு கால் சுற்று அதிகமாகப் போய்விட்டால், பல்லும் பல்லும் நடுநிலையில் கவ்விக்கொள்ளும். அப்போது திருப்பத் தொடங்கும் இடம் கனக்கும். திருப்பிய பிறகு நடுவுக்கு வந்து சேரவும் அதே இடம் தடுக்கும். ஓட்டுநர் வண்டியை இடமும் வலமும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். தூக்கிய நிலையில் கோடிகளில் இலகுவாகவும் நடுவில் மட்டும் இறுக்கமாகவும் இருந்தால் இந்த ஸ்க்ரூவைத் தவிர வேறெங்கும் தேடாதீர்கள்.

இதில் இன்னொரு தவறும் நடந்திருக்க வாய்ப்பு உண்டு. முதலில் இருந்த ப்ளே பாக்ஸில்தான் இருந்ததா? ஒருவர் ஸ்டீயரிங்கை விரல் அளவுக்கு இருபுறமும் ஆட்ட, மற்றவர் கீழே டிராப் ஆர்மைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடி டிராப் ஆர்ம் ஆடாமல் இருந்தால் ப்ளே பாக்ஸில் அல்லது ஷாஃப்ட்டில். டிராப் ஆர்ம் ஆடியும் சக்கரம் அசையாமல் இருந்தால் ப்ளே டிராக் லிங்க், டை ராடு எண்ட் இவற்றில். எண்டில் இருக்கும் தேய்மானத்தைப் பாக்ஸின் ஸ்க்ரூவை இறுக்கிச் சரிசெய்ய நினைப்பது பாக்ஸையும் சேர்த்துக் கெடுக்கும் வேலை, ஏனென்றால் எண்ட் தேய்ந்தபடியே இருக்க, பாக்ஸின் பல் அநாவசியமாகத் தேயத் தொடங்கிவிடும். இப்போது ஸ்க்ரூ இருக்கும் இடத்தைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவை ஆலன் கீயால் அசையாமல் பிடித்து லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாக மட்டும் ஸ்க்ரூவைப் பின்வாங்கச் செய்து, நட்டை இறுக்கி, தூக்கிய நிலையிலேயே மறுபடி திருப்பிப் பாருங்கள். அதற்கே இலகுவாகிவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதோடு விட்டுவிடாமல், ஸ்டீயரிங் பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் கடைக்குக் கொண்டுபோய் விசை அளந்து சரியாக வைக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் தளர்த்திய பாக்ஸ், வேகத்தில் வண்டியை அலையவிடும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன் டயரில் காற்று 10 பவுண்டு குறைந்தாலே நின்ற இடத்தில் திருப்புவது கனக்கும், ஆகவே இத்தனையும் தொடங்குவதற்கு முன் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள். அகலமான டயர் மாற்றியிருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். பின்னால் அளவுக்கு மீறி லோடு ஏற்றி, பின் ஸ்பிரிங் தொய்ந்துபோயிருந்தால், வண்டியின் மூக்கு மேலே தூக்கிக் காஸ்டர் கோணம் கூடி, ஸ்டீயரிங்கைத் திருப்பும் சுமையும் கூடும்.

இரும்பில் குறையே இல்லை, தூக்கிய நிலையில் எல்லாம் இலகுவாகத் திரும்புகிறது என்றால் ஆயில் பக்கம் வாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆயில் குறைகிறது என்று சொன்னதால், இந்தப் பக்கமும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. டப்பாவின் மூடியைத் திறந்து, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. கருகிய வாடையோடு பழுப்பாக இருந்தால் ஆயில் வெந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் பம்பின் உள்ளே தேய்மானம் இருக்கிறது. கறுப்பாகப் பொடிப்பொடியாக இருந்தால் ஹோஸின் உள் ரப்பர் உதிர்கிறது. நுரைத்து வெளிறியிருந்தால் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது. காற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: என்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, என்ஜினை அணைத்து மறுபடி பாருங்கள், மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் உள்ளே காற்று இருக்கிறது, அதுவரை அழுத்தப்பட்டிருந்த காற்று இப்போது விரிந்து ஆயிலை மேலே தள்ளுகிறது.

என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதை மட்டுமே ஊற்றுங்கள். பழைய பிக்கப்புகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை இதில் ஊற்றாதீர்கள். இதிலுள்ள ரப்பர் சீல்கள் அதற்கு ஏற்றவை அல்ல, கெட்டு ஒழுகத் தொடங்கும். இதைவிடப் பயங்கரமானது, ஏ.டி.எஃப்-ஐத் தவறுதலாகப் பிரேக் டப்பாவில் ஊற்றுவது. பிரேக்கின் ரப்பர்கள் ஊதி வண்டி நிற்காமலே போகலாம். இரண்டு டப்பாவும் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் மூடியின் மேல் பெயின்ட்டால் எழுதியே வைத்துவிடுவது நல்லது.

ஆயில் எங்கே போகிறது என்று தேடும்போது, பம்பின் புல்லி பக்கம், ஹோஸ் இணைப்புகள், டிராப் ஆர்முக்கு மேலே செக்டர் ஷாஃப்ட்டின் சீல் என்று வரிசையாகத் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிரஷர் ஹோஸில் மெல்லிய பீச்சல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசி போல வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். அட்டைத் துண்டு ஒன்றை அங்கே பிடித்துப் பாருங்கள். பெல்ட்டில் ஓடாமல் என்ஜினின் டைமிங் கியரிலேயே பம்பு மாட்டியிருக்கும் டீசல் வண்டிகளும் உண்டு. அவற்றில் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஆயில் குறைந்தால், ஷாஃப்ட் சீல் போய் ஆயில் என்ஜினுக்குள் போகிறதா என்று என்ஜின் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். உங்களுடையது பெல்ட் என்பதால் அந்தக் கவலை இல்லை.

பெல்ட்டை எல்லாரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். புல்லிகளுக்கு நடுவில் 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கலாம் என்பது பொதுவான கணக்கு, அது சரிதான். ஆனால் வி-பெல்ட் பிடிப்பது பக்கவாட்டில்தான், அடியில் அன்று. பெல்ட் தேய்ந்து மெலிந்தால் புல்லியின் பள்ளத்தில் அடிவரை இறங்கி உட்கார்ந்துவிடும். இழுவை சரியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் பாரம் ஏறும்போது வழுக்கும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் அங்கே உரசுகிறது என்று பொருள், மாற்றிவிடுங்கள். என்ஜின் ஸ்லோவில் (ஐட்லிங்கில்) ஓட, நின்று திருப்பும்போது கீச்சென்று கத்தி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் இலகுவானால் முதல் சந்தேகம் பெல்ட்டின் மேல் விழ வேண்டும். ஒழுகும் ஆயில் பெல்ட்டில் பட்டாலும் இதே கதைதான்.

டப்பாவின் அடியில் வலை வடிகட்டி இருக்கும் வண்டிகளில் அதைக் கழுவிப் பாருங்கள், பிரிக்க முடியாத டப்பா என்றால் டப்பாவையே மாற்றுங்கள். ரிட்டன் ஹோஸும் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸும் பழசானால் வெளியே நன்றாகத் தெரிந்துகொண்டே உள்ளே ஊதியோ உரிந்தோ வழியை அடைக்கும். கையால் நசுக்கினால் சேறுபோல அமுங்கும் ஹோஸை நம்பாதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, குளிராக இருக்கும்போது பரவாயில்லை, இரண்டு மணி நேரம் ஓட்டிச் சூடேறிய பிறகு இரு பக்கமும் இறுகுகிறது என்றால்தான் பம்பு தேய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம், ஏனென்றால் சூட்டில் இளகிய ஆயில் தேய்ந்த இடைவெளிகள் வழியாகப் பம்புக்குள்ளேயே பின்வாங்கிவிடுகிறது. அதையும் சந்தேகத்தோடு விடாமல் அளந்துவிட முடியும். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் வால்வோடு கூடிய பிரஷர் கேஜை மாட்டி, ஆயில் 75 முதல் 80 டிகிரி வரை சூடானதும், ஸ்லோவில் அந்த வால்வை மூடிப் பார்த்தால் பம்பு எவ்வளவு அழுத்தம் தருகிறது என்பது தெரியும். 5 விநாடிக்கு மேல் மூடி வைக்கக்கூடாது, பம்பு வெந்துவிடும். கையேட்டில் சொன்ன அழுத்தம் வரவில்லை என்றால் பம்பு, அல்லது பம்புக்குள் இருக்கும் கன்ட்ரோல் வால்வில் பொடி சிக்கியிருக்கிறது. வால்வை மூடினால் அழுத்தம் நன்றாக ஏறி, திறந்துவிட்டுக் கோடிவரை திருப்பும்போது மட்டும் ஏறவில்லை என்றால் பாக்ஸுக்குள் கசிகிறது. உங்கள் பட்டறையில் பம்பும் பாக்ஸும் இரண்டும் போய்விட்டன என்று சொன்னவர்களிடம், கேஜ் மாட்டினீர்களா, எவ்வளவு காட்டியது என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல முடியாவிட்டால் அவர்கள் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

எதைக் கழற்றி மாட்டினாலும் காற்றெடுக்கும் வேலையைப் பொறுமையாகச் செய்யச் சொல்லுங்கள். முன்சக்கரம் தூக்கிய நிலையில், என்ஜினை ஓடவிடாமல், ஆயிலை நிரப்பிக்கொண்டே கோடியிலிருந்து கோடிக்கு 20 முறையாவது மெதுவாகத் திருப்ப வேண்டும்; டப்பாவில் குமிழி வருவது நின்ற பிறகுதான் என்ஜினை ஓடவிட வேண்டும். நேராக ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பு காற்றையும் ஆயிலையும் சேர்த்துக் கடைந்து நுரையாக்கிவிடும், புதுப் பம்பும் முனகத் தொடங்கிவிடும்.

இது சரியாகும்வரை மலைப்பாதைக்கு லோடு ஏற்றாதீர்கள். தவிர்க்க முடியாமல் போகவேண்டி வந்தால், இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிடும் பழக்கம் உங்கள் ஓட்டுநருக்கு இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். என்ஜின் நின்றால் ஸ்டீயரிங் உதவி அந்த நொடியே போய்விடும், வாக்குவம் உதவி உள்ள பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குமேல் கல்லாகிவிடும், சாவியை வெளியே எடுத்தால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். ஏற்கெனவே இறுகியிருக்கும் ஸ்டீயரிங்கோடு கொண்டை ஊசி வளைவில் அப்படி ஒரு நிலை வரவே கூடாது.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: காற்று, பிறகு ஜாக்கி, தூக்கிய நிலையிலேயே கிங் பின்னுக்குக் கிரீஸ், கிராஸின் மேல் விரல், அதன்பின் அந்த ஸ்க்ரூ. ஒழுகலைத் தனியாகத் தேடி அடைத்துவிடுங்கள், அது வேறு நோய். எல்லாம் முடிந்து வீல் அலைன்மெண்டும் பார்த்த பிறகு, ஆளில்லாத திடல் ஒன்றில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவு எடுத்து, கைகளை ஸ்டீயரிங்கின் மேல் பிடிக்காமல் தொட்டபடி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உள்ளங்கைக்குள் வழுக்கித் தானாக நடுவை நோக்கி வந்தால் இரும்புப் பக்கம் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகும் சூடேறியதும் நின்ற இடத்தில் இறுகுகிறது என்றால், கேஜ் மாட்டி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண் குறைவாக இருந்தால் பம்பைத் தயங்காமல் மாற்றுங்கள்.